ஹெர்ன்ஹூட் ஊரைப் பற்றி சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்ததும் எங்கள் வீட்டு வாசலில் முள்ளு முள்ளாக எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு காகித நட்சத்திரத்தைத் தொங்கவிடுவோம். அஸ்தம்பட்டி பக்கம் எல்லா வீட்டிலும் ஐந்து முனை நட்சத்திரம்தான் தொங்கும் என்பதால், இதென்ன இப்படி இருக்கிறது என்று யாராவது கேட்பார்கள். ஹெர்ன்ஹூட் என்கிற ஊரின் நட்சத்திரம் என்று சொல்வேன், அங்கே ஆரம்பிக்கும் பேச்சு காபி ஆறும் வரைக்கும் போகும். சபையில் வாலிபர் கூட்டத்தில் இதே ஊரைப் பற்றி ஒருமுறை பேசிய பிறகு கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. ஒரே கேள்விக்குப் பத்து பேரிடம் பத்து முறை பதில் சொன்னதால், எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஹெர்ன்ஹூட்டுன்னா ஊரா, சபையா, இல்ல ஆளு பேரா?

ஊர். ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், சாக்சனி மாநிலத்தில், செக் நாட்டு எல்லையும் போலந்து எல்லையும் பக்கத்திலேயே இருக்கிற ஒரு சின்ன ஊர். 1722இல் ஆரம்பித்தபோது அதை ஊர் என்றுகூடச் சொல்ல முடியாது, காட்டை வெட்டிப் போட்ட ஒரு வீடு. அடுத்த ஐந்து வருடத்தில் சுமார் 300 பேர் சேர்ந்த குக்கிராமம் ஆனது. நகரம் என்கிற தகுதியே 1929இல்தான் கிடைத்தது.

அந்த ஊரில் குடியேறியவர்களின் சபைக்கு மொராவியன் சபை என்று பெயர். உலகம் முழுக்கப் போன சபை என்பதால் ஊர் பெயரும் சபை பெயரும் கலந்து போய், பிரசங்கங்களில் ‘ஹெர்ன்ஹூட் சகோதரர்கள்’ என்று கேட்டிருப்பீர்கள். அவர்கள் இவர்கள்தான்.

மொராவியாக்காரங்க ஏன் ஜெர்மனியில போய் ஊர் கட்டணும்? அவங்க ஊருக்கு என்ன ஆச்சு?

இதற்கு 300 வருடம் பின்னால் போக வேண்டும். போஹேமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில், யான் ஹுஸ் என்கிற போதகர் சபையின் ஊழல்களை எதிர்த்துப் பேசினார். 1415 ஜூலை 6ஆம் தேதி அவரை உயிரோடு எரித்தார்கள். புராட்டஸ்டண்டு இயக்கத்தைத் தொடங்கிய லூத்தர் தன் கேள்விகளை எழுப்புவதற்கு நூறு வருடம் முன்பு நடந்தது இது. ஹுஸைப் பின்பற்றியவர்களில் ஒரு கூட்டம் 1457இல் குன்வால்ட் என்கிற கிராமத்தில் சேர்ந்து ‘சகோதரர் ஐக்கியம்’ என்ற சபையைத் தொடங்கியது. பக்கத்து மொராவியாவிலும் பரவினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், தங்கள் மொழியில் பைபிள் அச்சடித்தார்கள்.

அப்புறம் 1620இல் வெள்ளை மலைப் போர். அதில் புராட்டஸ்டண்டுகள் தோற்றார்கள். அடுத்த வருடம் பிராக் நகரச் சதுக்கத்தில் 27 தலைவர்களைக் கொன்றார்கள். கத்தோலிக்கராக மாறு, இல்லையென்றால் நாட்டை விட்டுப் போ என்கிற நிலைமை வந்தது. பலர் போனார்கள். போகாதவர்கள் வெளியே கோயிலுக்குப் போய்வந்து, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பழைய பாட்டுகளைப் பாடினார்கள். பைபிள் வைத்திருந்தாலே ஆபத்து. இப்படி நூறு வருடம், மூன்று நாலு தலைமுறை. கல்வியாளர் என்று பாடப் புத்தகங்களில் வரும் கொமேனியஸ் அந்தச் சபையின் கடைசி பிஷப்களில் ஒருவர், நாடு கடத்தப்பட்டே இறந்தார். எங்கோ மண்ணுக்குள் மறைந்த விதை முளைக்கும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த விதைதான் எல்லை தாண்டி வந்து ஹெர்ன்ஹூட்டில் முளைத்தது.

ஊரைக் கட்டினது சின்சென்டார்ஃப் பிரபுன்னு தானே சொல்றாங்க?

நிலம் அவருடையது. கட்டியது அவர் இல்லை. இந்த ஒரு விஷயத்தை நான் விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பேன், ஏனென்றால் பிரபுவின் பெயர் எல்லாருக்கும் தெரிகிறது, தச்சரின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. தச்சரின் பெயர் கிறிஸ்டியன் டேவிட். மொராவியாவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, ஆடு மாடு மேய்த்து, தச்சு வேலை கற்று, வேதத்தைத் தேடிப் படித்து மனம் மாறியவர். எல்லையைத் தாண்டிப் போய், இந்தப் பக்கம் அடைக்கலம் தருகிற ஒரு இளம் பிரபு இருக்கிறார் என்று விசாரித்து வந்து, திரும்பவும் உள்ளே போய் ஆட்களை அழைத்து வந்தார். ஒரு முறை இல்லை, பல முறை. பிடிபட்டிருந்தால் அதோடு கதை முடிந்தது. முதலில் வந்தது நெய்சர் குடும்பத்து அண்ணன் தம்பிகள், மனைவி குழந்தைகளோடு, வீட்டையும் சாமான்களையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ராத்திரியில் நடந்தே வந்தார்கள். 1722 ஜூன் 17ஆம் தேதி கிறிஸ்டியன் டேவிட் முதல் மரத்தில் கோடாலியைப் போட்டார். அப்போது அடைக்கலான் குருவிக்கும் வீடு கிடைத்தது என்கிற 84ஆம் சங்கீத வரியைச் சொன்னார் என்று அவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

பிரபுவுக்கு அப்போது 22 வயது. பாட்டியிடமிருந்து பெர்தல்ஸ்டார்ஃப் என்கிற பண்ணையை அப்போதுதான் வாங்கியிருந்தார், டிரெஸ்டனில் அரசு வேலையில் இருந்தார், முதல் மரம் விழுந்தபோது அவர் ஊரிலேயே இல்லை. அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. பிற்பாடு வேலையை விட்டுவிட்டு இந்த மக்களோடு வந்து உட்கார்ந்தார், சொத்தைச் செலவழித்தார், இவர்களை வைத்துக்கொண்டதற்காகவே 1736இல் சாக்சனியை விட்டுத் துரத்தப்பட்டு 11 வருடம் வெளியே அலைந்தார். அந்தக் காலம் முழுக்கப் பண்ணையையும் கடனையும் கட்டிக் காத்தது அவர் மனைவி எர்த்முத். அந்த அம்மாவின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பேருக்கு என்ன அர்த்தம்?

‘கர்த்தருடைய காவல்’ என்று வைத்துக்கொள்ளலாம். ஊர் இருப்பது ஹூட்பெர்க் என்கிற குன்றின் சரிவில், அதற்குக் காவல் குன்று என்று பொருள் வரும். பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் ஹைட்ஸ் என்பவர் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சொல்லை வைத்தே இந்தப் பெயரைப் போட்டார், அதுவே நிலைத்துவிட்டது.

எல்லாரும் பக்தியா வந்தவங்க, அங்க சண்டை சச்சரவே இருந்திருக்காதுல்ல?

இருந்தது. ஊரே உடைந்துபோகும் அளவுக்கு இருந்தது. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதே இந்தப் பகுதியைப் படித்த பிறகுதான்.

அடைக்கலம் கிடைக்கும் என்ற செய்தி பரவ, மொராவியாக்காரர்கள் மட்டும் இல்லாமல் லூத்தரன்கள், கால்வின் வழியில் வந்தவர்கள், எந்தச் சபையும் வேண்டாம் என்று பிரிந்தவர்கள் என்று பல பேர் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் தன் விசுவாசத்துக்காக வீடு வாசலை இழந்தவர், அதனால் ஒருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார். திருவிருந்தை எப்படி நடத்துவது, எந்தப் பாட்டுப் புத்தகம், உள்ளூர் லூத்தரன் ஆலயத்துக்குப் போகலாமா கூடாதா, எல்லாமே சண்டை. க்ரூகர் என்று ஒருவர் வந்து, பிரபுதான் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகம், ஊர்ப் போதகர் கள்ளத் தீர்க்கதரிசி என்று பிரசங்கம் பண்ண, பாதி ஊர் அதை நம்பியது. கிறிஸ்டியன் டேவிட்டே கொஞ்ச காலம் அந்தப் பக்கம் சாய்ந்து, தான் கட்டிய ஊரை விட்டு வெளியே ஒரு குடிசை போட்டுக்கொண்டு போய்விட்டார்.

1727இல் பிரபு வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வீடு வீடாகப் போய்ப் பேசினார். மே 12ஆம் தேதி எல்லாரையும் கூட்டி, ஊருக்கு என்று எழுதிய விதிகளையும் ஒருவருக்கொருவர் சகோதரராக நடப்பதற்கான ஒப்பந்தத்தையும் முன்வைத்தார். ஜனங்கள் கைகொடுத்து ஏற்றுக்கொண்டார்கள். 12 மூப்பர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் சீட்டுப் போட்டு நாலு பேரைத் தலைமை மூப்பர்களாக வைத்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவர், கோபித்துக்கொண்டு போன அதே கிறிஸ்டியன் டேவிட். அந்த வருடம் ஆகஸ்ட் 13ஆம் தேதி பெர்தல்ஸ்டார்ஃப் ஆலயத்தில் எல்லாரும் சேர்ந்து திருவிருந்து எடுத்தார்கள், பல வருடம் பேசாமல் இருந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். மொராவியன் சபை தன் மறுபிறப்பு நாளாகக் கொண்டாடுவது மரம் வெட்டிய நாளை இல்லை, இந்த நாளை. பல பிரசங்கங்களில் ஆகஸ்ட் 13 மட்டும் வருகிறது, மே 12 வருவதில்லை. ஆவியானவர் இறங்கியதைச் சொல்கிறவர்கள், அதற்கு மூன்று மாதம் முன்னால் உட்கார்ந்து எழுதிய ஒப்பந்தத்தையும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

நூறு வருஷம் நிறுத்தாம ஜெபம் பண்ணினாங்களாம். தூங்கவே மாட்டாங்களா?

நன்றாகத் தூங்கினார்கள். 1727 ஆகஸ்ட் 27ஆம் தேதி 24 ஆண்களும் 24 பெண்களும் ஒரு நாளின் 24 மணி நேரத்தைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம், அவரவர் இருக்கும் இடத்தில். ஒரு மண்டபத்தில் இரவு பகலாக ஊரே முழங்காலில் நின்றது என்று நினைத்துக்கொண்டால் அது தவறு. ஒரு தறிக்காரர் தன் வேளை வரும்போது எழுந்து ஜெபித்துவிட்டு மறுபடி படுத்தார், அவ்வளவுதான். இதை நூறு வருடத்துக்கு மேல் தலைமுறை மாற்றி மாற்றிச் செய்தார்கள். எனக்கு அந்தச் சாதாரணமான ஏற்பாடுதான் பெரிதாகத் தெரிகிறது.

இதோடு இன்னொன்றும் ஆரம்பித்தது. 1728 மே மாதத்திலிருந்து தினமும் ஒரு வசனத்தை வீடு வீடாகச் சொல்லி அனுப்பினார்கள், அன்றைய நாளுக்கான வார்த்தை அது. 1731க்கான வசனங்களைப் புத்தகமாக அச்சடித்தார்கள். அன்றிலிருந்து ஒரு வருடம்கூட விடாமல், இரண்டு உலகப் போர்களிலும்கூட, அந்தப் புத்தகம் வந்துகொண்டே இருக்கிறது.

சாப்பாட்டுக்கு என்ன வழி? பிரபு சோறு போட்டாரா?

இல்லை, உழைத்தார்கள். நெசவு, தச்சு, குயவு, தையல், கத்தி செய்வது. அந்த வட்டாரமே லினன் நெசவுக்குப் பேர்போனது, வீட்டுக்கு வீடு தறி. கொண்டலாம்பட்டியிலோ அம்மாப்பேட்டையிலோ வளர்ந்தவர்களுக்கு அந்த ஊரின் காலை எப்படி ஒலித்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1747இல் ஆப்ரகாம் டியூர்னிங்கர் என்கிற வியாபாரி ஊர்க் கடையைப் பொறுப்பெடுத்து, லினன் துணியைக் கடல் கடந்து விற்கிற பெரிய வியாபாரமாக வளர்த்தார். மிஷன் வேலைக்கான பணத்தில் நல்ல பங்கு அங்கிருந்து வந்தது.

வெளியூர் அனுப்பியவர்களும் கைத்தொழில்காரர்களே. படித்துப் பட்டம் வாங்கிய ஐயர்கள் இல்லை. போகிற இடத்தில் தன் கையால் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

குடும்பத்தைப் பிரிச்சு, ஆம்பளைங்க ஒரு வீடு பொம்பளைங்க ஒரு வீடுன்னு வெச்சாங்களாமே, உண்மையா?

கல்யாணம் ஆகாதவர்களுக்கு உண்மை. வயது, ஆண் பெண், மணமானவர், விதவை என்று பார்த்து ஊரைக் குழுக்களாகப் பிரித்தார்கள். மணமாகாத ஆண்களுக்கு ஒரு பெரிய வீடு, பெண்களுக்கு ஒன்று, விதவைகளுக்கு ஒன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்களுக்குள்ளேயே தலைவர். இதனால் பெண்கள் பொறுப்பில் உட்கார்ந்தார்கள். 1730இல் அன்னா நிட்ச்மான் என்கிற பெண்ணைச் சீட்டுப் போட்டு பெண்களின் தலைமை மூப்பராக வைத்தபோது அவருக்கு வயது 14. வறுமையில் அகதியாக வந்த குடும்பத்துப் பெண். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. முக்கியமான முடிவுகளுக்குச் சீட்டு, கல்யாணத்துக்கும் சீட்டு. இன்னாரை இன்னாருக்குக் கேட்டு, சீட்டு ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான். குழந்தைகள் சீக்கிரமே பெற்றோரை விட்டு விடுதிகளுக்குப் போனார்கள். இதில் மனம் நொந்தவர்கள் இருந்தார்கள், பிற்பாடு சபையே இதைத் தளர்த்தியது.

அங்க கல்லறையெல்லாம் ஒரே மாதிரி இருக்குமாமே?

ஆமாம். ஹூட்பெர்க் குன்றில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குக் ‘கடவுளின் வயல்’ என்று பெயர். கல் எல்லாம் தரையோடு படுக்கையாக, வரிசை வரிசையாக. இறந்த வரிசையில் அடக்கம், குடும்பத்துக்கென்று தனி இடம் இல்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சாதிக்காகச் சுவர் எழுப்பிய கல்லறைத் தோட்டங்கள் நம் மாநிலத்திலேயே இருப்பதை அறிந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள், நான் கவனித்திருக்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், நடுவில் பிரபு குடும்பத்தாரின் கல்லறைகள் மட்டும் உயரமாக, பெரிதாக நிற்கின்றன. சமத்துவம் அங்கேயும் முழுதாக வந்துசேரவில்லை.

ஈஸ்டர் அன்று விடியும் முன்னே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாடும் வழக்கம் 1732இல் அங்கேதான் வாலிபர்கள் சிலரால் தொடங்கியது.

ரெண்டு வாலிபர்கள் அடிமைகளுக்கு சுவிசேஷம் சொல்ல தங்களையே அடிமையா வித்துக்கிட்டாங்க, கப்பல் கிளம்பும்போது கரையைப் பார்த்து கத்தினாங்கன்னு கேட்டிருக்கேன்...

இதை நானும் சின்ன வயதில் கேட்டு அழுதிருக்கிறேன். ஆனால் நடந்தது வேறு. 1731இல் பிரபு டென்மார்க் அரசரின் முடிசூட்டுக்கு கோபன்ஹேகன் போனபோது, கரீபியன் கடலில் டென்மார்க் பிடித்திருந்த செயின்ட் தாமஸ் தீவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட அந்தோன் என்பவரைச் சந்தித்தார். என் அக்காவும் அண்ணனும் அங்கே கரும்புத் தோட்டத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும் என்றார் அந்தோன். பிறகு ஹெர்ன்ஹூட்டுக்கே வந்தும் பேசினார். இரவு பகலாக உழைக்கிற அடிமைகளோடு நீங்களும் அடிமையாக இருந்தால்தான் பேச முடியும் என்று அவர் சொன்னதும், அதற்கும் தயார் என்று லியோனார்ட் டோபர் சொன்னதும் உண்மை. விற்றுக்கொண்டது உண்மை இல்லை. வெள்ளைக்காரரை அடிமையாக வாங்கும் வழக்கமே அங்கே கிடையாது.

1732 ஆகஸ்ட் 21ஆம் தேதி விடியும் முன் டோபரும் தச்சர் டேவிட் நிட்ச்மானும் ஊரிலிருந்து நடந்தே கிளம்பினார்கள். டிசம்பரில் தீவில் இறங்கினார்கள். நிட்ச்மான் தச்சு வேலை செய்து இரண்டு பேருக்கும் சோறு போட்டார், டோபர் குயவர், அந்தத் தீவு மண் பானைக்கு ஒத்துவரவில்லை. கப்பலிலிருந்து கத்திய வாசகத்தை விட்டுவிட்டு இந்தக் களிமண் கதையைச் சொல்லுங்கள் என்று நான் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். இதுவே போதுமான தியாகம்.

அப்போ அவங்க அடிமைத்தனத்தை எதிர்த்தாங்கன்னு சொல்லலாமா?

சொல்ல முடியாது. இதை எழுதும்போது வலிக்கிறது. அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், சகோதரர் என்று அழைத்தார்கள், அதற்காகத் தோட்ட முதலாளிகளிடம் அடியும் வாங்கினார்கள். ரெபேக்கா என்கிற, அடிமையாக இருந்து விடுதலை பெற்ற பெண் அந்தத் தீவில் முன்னணி ஊழியராகி, வெள்ளைக்கார மொராவியரை மணந்ததற்காகச் சிறைக்குப் போய், பிறகு ஹெர்ன்ஹூட்டில் வாழ்ந்து, கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவில் இறந்தார். இத்தனையும் உண்மை. அதே சமயம் 1738இலேயே செயின்ட் தாமஸில் சபை ஒரு தோட்டத்தை அதில் இருந்த அடிமைகளோடு சேர்த்து வாங்கியது. ஆத்துமா வேறு, சட்டம் வேறு என்று தங்களைச் சமாதானப்படுத்திக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் சேலத்திலும் அதே கதை. அங்கே சபையே அடிமைகளை வைத்திருந்தது, 19ஆம் நூற்றாண்டில் கறுப்பு மக்களுக்குத் தனி ஆலயம், தனிக் கல்லறை என்று ஒதுக்கியது. மேலே சொன்ன ஒரே மாதிரிக் கல்லறைகளை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். 2006இல் தெற்கு மாகாண மொராவியன் சபை இதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

அமெரிக்கா சேலமா! அப்போ நம்ம சேலத்துக்கு அவங்க பேரா, இல்ல அதுக்கு நம்ம பேரா?

இரண்டும் இல்லை. அந்தச் சேலம் வட கரோலினாவில் இருக்கிறது. 1753 நவம்பரில் 15 மொராவிய ஆண்கள் பென்சில்வேனியாவிலிருந்து நடந்து போய் முதலில் பெத்தபாரா என்று ஒரு குடியிருப்பு போட்டார்கள். அதற்குப் பிறகு, 1766இல் நடு ஊராகக் கட்ட ஆரம்பித்ததுதான் சேலம். ஆதியாகமத்தில் மெல்கிசேதேக்கு ராஜாவாக இருந்த ஊர், சமாதானம் என்று பொருள். பக்கத்து ஊரான வின்ஸ்டனோடு 1913இல் இணைந்து வின்ஸ்டன் சேலம் ஆனது. சூனியக்காரிகள் என்று சொல்லி 1692இல் பெண்களைத் தூக்கில் போட்ட சேலம் வேறு, அது மாசசூசெட்ஸில் இருக்கிறது, இவர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நம் சேலம் நம் ஊர்ப் பெயர். மலை சூழ்ந்த ஊர் என்பதால் சைலம் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், சேரரோடு சேர்த்துச் சேரலம் என்றும் சொல்வார்கள். எதுவானாலும், 1792இல் கம்பெனிக்காரர்கள் திப்புவிடமிருந்து இந்தப் பகுதியை வாங்கும்போதே ஊருக்கு இந்தப் பெயர்தான். மிஷனரிகள் வைத்த பெயர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த ஆட்கள் தமிழ்நாட்டுக்கு வந்தாங்களா?

வந்தார்கள், தரங்கம்பாடிக்கு. இந்தத் தொடர்பு அதற்கும் முன்பே இருந்தது. சின்சென்டார்ஃப் சிறுவனாக ஹாலே நகரத்தில் ஃபிராங்கேயின் பள்ளியில் படித்தபோது, 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு குழுவின் கடிதங்களைச் சாப்பாட்டு மேசையில் வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர். தூர தேசத்து ஊழியம் என்கிற எண்ணம் அவர் மனதில் விழுந்ததில் தமிழ் மண்ணுக்குப் பங்கு உண்டு.

பிரபு கண்மூடிய அதே 1760ஆம் ஆண்டு 14 மொராவிய சகோதரர்கள் தரங்கம்பாடி வந்து, கோட்டைக்கு வெளியே பொறையாறு பக்கம் நிலம் வாங்கி ஒரு சின்னக் குடியிருப்பு போட்டார்கள். ‘சகோதரர் தோட்டம்’ என்று அதற்குப் பெயர். ஹெர்ன்ஹூட்டின் சாயலில் நம் மண்ணில் ஒரு குக்கிராமம். தையல், தச்சு, செருப்பு என்று வேலை செய்தார்கள். ஏற்கெனவே அங்கிருந்த ஹாலே மிஷனரிகளுக்கு இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. இவர்களுக்குக் குறியும் தமிழ்நாடு இல்லை, டென்மார்க் பிடித்திருந்த நிக்கோபார் தீவுகள். 1768இல் நான்கௌரி தீவில் குடியேறினார்கள். காய்ச்சல் விடவில்லை. 11 பேர் தீவிலேயே இறந்தார்கள், இன்னும் 13 பேர் தரங்கம்பாடிக்குத் திரும்பி வந்த கொஞ்ச நாளில் இறந்தார்கள். இருபது வருடத்தில் அதைக் கைவிட்டார்கள், 1803இல் சகோதரர் தோட்டத்தையும் மூடிவிட்டுப் போனார்கள். அவர்களில் பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் மட்டும் தாவரவியலாளராகி கம்பெனி வேலையில் சென்னையில் இருந்து 1819இல் இறந்தார்.

தரங்கம்பாடி போகிறவர்கள் டேனிஷ் கோட்டையையும் புதிய எருசலேம் ஆலயத்தையும் பார்த்துவிட்டு, கடற்கரையில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். சேலத்திலிருந்து அத்தனை தூரம் போனால் பொறையாறு சாலையில் ஒரு நிமிடம் நின்று இந்த 24 பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஏற்காட்டு மலை ஊர்களும் இப்படி எங்கிருந்தோ வந்தவங்க கட்டினதுதானே? ரெண்டும் ஒண்ணா?

வந்த கதை ஒத்துப்போகிறது. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகவும், அண்ணன் தம்பிகள் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறியதாகவும் சொல்வார்கள். ஊரை விட்டு வந்தவர்கள், சாமியைக் கூடவே கொண்டுவந்தவர்கள், மலைச்சரிவில் காடு திருத்தியவர்கள். கிறிஸ்டியன் டேவிட் கதையைச் சொன்னதும் மலைமேல் இருந்து வந்த ஒரு பெரியவர் தன் ஊர்க் கதையை உடனே எடுத்துவிட்டார். வேறுபாடு, ஹெர்ன்ஹூட்டில் நாள் நேரம் எல்லாம் எழுதிவைத்தார்கள், இங்கே வாய்மொழியாக வந்தது. வாய்மொழி என்பதால் மட்டம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

சரி, நட்சத்திரத்துக்கு வாங்க. அது எப்படி வந்துச்சு, எத்தனை முனை?

ஹெர்ன்ஹூட்டுக்குக் கொஞ்சம் வடக்கே நீஸ்கி என்று இன்னொரு மொராவிய ஊர். அங்கே இருந்த விடுதிப் பள்ளியில் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கணக்குப் பாடத்துக்காக, கன உருவங்கள் புரிய, மாணவர்களை வைத்துச் செய்தது. இந்த விடுதிகளில் மிஷனரிகளின் பிள்ளைகள் இருந்தார்கள், அப்பா அம்மா எங்கோ கிரீன்லாந்திலோ தீவுகளிலோ. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறுகளில் அந்தப் பிள்ளைகள் அறையில் நட்சத்திரம் செய்து விளக்கேற்றினார்கள். பிறகு பீட்டர் வெர்பேக் என்பவர் 1897 வாக்கில் பிரித்து மாட்டக்கூடியபடி செய்து ஹெர்ன்ஹூட்டில் விற்க ஆரம்பித்தார்.

முனை 25. நடுவில் இருக்கிற உருவத்துக்கு 18 சதுர முகம், 8 முக்கோண முகம், மொத்தம் 26. மேலே ஒரு சதுரம் பல்புக்கும் கயிறுக்கும் போய்விடும். மீதி 17 நாற்கோண முனை, 8 முக்கோண முனை. வீட்டில் செய்கிறவர்கள் சார்ட் அட்டையில் செய்யலாம், முக்கோண முனைகளை முதலில் ஒட்டினால் கை உள்ளே போக இடம் இருக்கும்.

இப்ப அந்த ஊர் இருக்கா? எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு ஒருத்தர் சொன்னாரு.

இருக்கிறது. 1945 மே மாதம், போர் முடிகிற அதே நாட்களில், ஊரின் நடுப்பகுதி எரிந்தது, வெள்ளையடித்த பெரிய ஆராதனை மண்டபமும் எரிந்தது. கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் இருந்தபோதே, 1953இல் அதை மறுபடி எழுப்பினார்கள். உள்ளே இப்போதும் வெள்ளை பெஞ்சுகள்தான், படமோ சிலையோ இல்லை. 2024 ஜூலையில் யுனெஸ்கோ குழு இந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, டென்மார்க்கின் கிறிஸ்டியான்ஸ்ஃபெல்ட், அமெரிக்காவின் பெத்லகேம், வட அயர்லாந்தின் கிரேஸ்ஹில் ஆகிய மொராவிய ஊர்களோடு சேர்த்து. அந்த முடிவு எடுத்த கூட்டம் நடந்தது நம் புது டெல்லியில். இது தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

குடிசையில இருந்த தறிக்காரங்க கதை இவ்வளவு துல்லியமா எப்படித் தெரியும்?

அவர்களே எழுதினார்கள். மொராவியர் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையைத் தானே எழுதிவைப்பது வழக்கம். எங்கே பிறந்தேன், எப்போது சந்தேகப்பட்டேன், யாரோடு சண்டை, எப்படித் திரும்பினேன், எல்லாம். அடக்க ஆராதனையில் அதை வாசிப்பார்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதினார். தையல்காரர், வேலைக்காரப் பெண், அடிமையாக இருந்தவர் என்று ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கை ஹெர்ன்ஹூட்டில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. பிரபுவின் கடிதங்களும் அதே கட்டடத்தில்தான்.

இதைக் கேட்ட பிறகு எங்கள் சபையில் மூன்று பாட்டிமார் தங்கள் கதையைச் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கு 86 வயது, தறிக்குப் பாவு ஓடிய காலத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். வாரம் ஒரு நாள் சாயங்காலம் போய் எழுதிக்கொண்டு வருகிறேன், இரண்டாவது நோட்டு பாதி ஆகிவிட்டது.